குறட்டை நின்றுபோகும் அந்த அரை நிமிடம்: ஸ்லீப் ஆப்னியா ஓர் எளிய விளக்கம்

"படுத்த அஞ்சு நிமிஷத்துல குறட்டை, கொடுத்து வச்ச மனுஷன்" என்று நம் வீடுகளில் கொஞ்சம் பொறாமையோடே சொல்வார்கள். குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்ற கணக்கு எப்படியோ நம் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்னொரு பக்கம், வாட்ஸ்அப்பில் வந்த எதையோ படித்துவிட்டு, குறட்டை விடுகிறவருக்குத் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்துவிடும் என்று வீட்டையே கலக்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் கிடையாது. ஆனால் அவர்களில் கணிசமான பேருக்கு இரவெல்லாம் மூச்சு நின்று நின்று வருகிறது, காலையில் அவர்களுக்கே அது நினைவிருக்காது. அதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடுதல்.

2019இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி, 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருந்தும் இது பிடிபடாமல் போவதற்குக் காரணம், அடைப்பு ஓர் இடத்திலும் அதன் விளைவு வேறு வேறு இடங்களிலும் தெரிவதுதான். பி.பி.க்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர், அசதிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு சத்து டானிக், ராத்திரி அடிக்கடி எழுந்து போவதற்கு யூரின் டெஸ்ட் என்று மனிதர் சுற்றிக்கொண்டிருப்பார். தொண்டையை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

## தாங்குவதற்கு எதுவும் இல்லாத இடம்

குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வரிவரியாக, கொஞ்சம் கெட்டியாக வளையங்கள் தட்டுப்படும். அது மூச்சுக்குழல். குருத்தெலும்பு வளையங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் அது எந்த நேரமும் திறந்தே இருக்கும். சிக்கல் அங்கே இல்லை. அதற்கு மேலே, அண்ணத்தின் பின்பகுதியில் தொடங்கி நாக்கின் அடி வரைக்கும் உள்ள தொண்டைப் பகுதியில் இப்படிப் பிடிப்பதற்கு எதுவும் கிடையாது. தசை, சவ்வு, கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். அது அப்படி நெகிழ்வாக இருப்பதால்தான் நம்மால் விழுங்க முடிகிறது, பேச முடிகிறது.

விழித்திருக்கும்போது இந்த வழியைத் திறந்து வைத்திருப்பது தசைகளின் வேலை. குறிப்பாக நாக்கின் அடியில் உள்ள பெரிய தசை, நாக்கைச் சதா முன்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நாம் அதை உணர்வதே இல்லை. தூங்கியதும் கை கால் தளர்வதைப் போல இந்தத் தசையும் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது.

இளநீர்க் கடையில் இப்போது தருகிற காகித ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிப்போன பிறகு மெதுவாக உறிஞ்சினால் இளநீர் வரும். அவசரப்பட்டு வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பையாக ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு வராது. இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் இறுக்கமாக ஒட்டும். மூச்சை உள்ளே இழுப்பதும் உறிஞ்சுவதுதான். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் தகடான உதரவிதானம் கீழே இறங்குகிறது, மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, அந்த உறிஞ்சலில் வெளிக்காற்று உள்ளே வருகிறது. வழி ஏற்கெனவே குறுகலாகவும் தொளதொளவென்றும் இருந்தால் அதே உறிஞ்சல் வழியையே மூடிவிடுகிறது.

யாருக்குக் குறுகலாக இருக்கும்? கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு, அதனால்தான் உடல் எடை முதலில் பேசப்படுகிறது. ஆனால் எடை மட்டும் காரணமில்லை. தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாது. ஒல்லியாக இருப்பவருக்கும் இந்தப் பிரச்சினை வருவது இப்படித்தான். குழந்தைகளுக்கு டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெரிதாகி அடைக்கும். வயது ஏற ஏறத் தசையின் பிடிப்பு குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடும். இதோடு ராத்திரி மது குடித்தாலோ, சில வகைத் தூக்க மாத்திரைகளைப் போட்டாலோ, ஏற்கெனவே தளர்ந்த தசை இன்னும் தளரும். "தூக்கமே சரியில்லை, ஒரு மாத்திரை போட்டுக்கிறேன்" என்று ஆரம்பிப்பவருக்கு இது எப்படித் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

## ஓர் அடைப்பை முழுசாகப் பார்ப்போம்

குறட்டை விடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தாலே இதில் பாதி கண்ணுக்குத் தெரியும்.

முதலில் குறட்டை. காற்று போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இடுக்கு வழியாகப் போவதால் தளர்ந்த அண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் சத்தம். சத்தம் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் திடீரென்று நின்றுவிடும். "அப்பாடா, அடங்கிட்டாரு" என்று பக்கத்தில் படுத்திருப்பவர் திரும்பிப் படுக்கிற நேரம் அது. உண்மையில் வழி முழுசாக மூடிவிட்டது. சத்தம் எழுப்பக்கூடக் காற்று இல்லை.

இப்போது வயிற்றைப் பாருங்கள். மூச்சு வாங்கச் சொல்லி மூளை உத்தரவு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது; உதரவிதானமும் இழுக்கிறது. வயிறு மேலே எழும்புகிறது, ஆனால் காற்று வராததால் மார்பு அதற்கு எதிராக உள்ளே அமுங்குகிறது. இரண்டும் மாறி மாறி ஆடும். மூக்கின் அருகே கையை வைத்தால் காற்றே வராது. உடம்பு மூச்சு வாங்குவதற்கான எல்லா வேலையையும் செய்கிறது, மூச்சு மட்டும் இல்லை. 10 விநாடிக்கு மேல் இப்படி நின்றால் அதை ஆப்னியா என்று கணக்கில் எடுக்கிறார்கள். முழுசாக மூடாமல், காற்று வரத்து பெருமளவு குறைந்து அதனால் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதை ஹைபாப்னியா என்பார்கள். அரை அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது? நுரையீரலில் மீதமிருக்கும் காற்றிலிருந்து ரத்தம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கிறது. புதுக் காற்று வராததால் கையிருப்பு கரைகிறது. வெளியே போக வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தேங்குகிறது. 20 விநாடி, 30 விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட. ஒரு கட்டத்தில் மூளை உஷாராகி, தூங்குகிறவரை ஒரு சில விநாடிகளுக்கு எழுப்பிவிடுகிறது. எழுப்புவது என்றால் கண்ணைத் திறந்து உட்காருவது இல்லை. மூளை அலைகளில் மட்டும் தெரியும் ஒரு சின்ன விழிப்பு. அது போதும்: நாக்குத் தசை சட்டென்று இறுகுகிறது, வழி திறக்கிறது, "ஹக்" என்று ஒரு பெருமூச்சு, பிறகு ரெண்டு மூன்று வேகமான மூச்சுகள். மறுபடி தூக்கம், தசைத் தளர்ச்சி, குறட்டை.

இதில் ஒரு சுவாரசியம். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருந்தால், அடைப்பு நடக்கும்போது எண் உடனே இறங்காது. மூச்சு திரும்ப வந்த பிறகும் சில விநாடிகள் கழித்துத்தான் அதன் அடிமட்டம் திரையில் தெரியும். நுரையீரலில் இருந்த ரத்தம் இதயத்துக்குப் போய், அங்கிருந்து விரல் நுனிக்கு வந்து சேர ஆகும் நேரம் அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தொண்டையின் மெத்தென்ற பகுதி தூக்கத்தில் தளர்ந்து மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை சின்னதாக விழித்து வழியைத் திறக்கிறது. குறட்டை என்பது குறுகலின் அடையாளம். கவலைப்பட வேண்டியது குறட்டைக்கு நடுவே வரும் மௌனத்தைப் பற்றி.

## எத்தனை தடவை என்பதுதான் கேள்வி

எப்போதாவது ஒன்றிரண்டு தடவை மூச்சு நின்று வருவது எல்லோருக்கும் நடக்கும். ஒரு மணி நேரத்தில் முழு அடைப்பும் அரை அடைப்பும் சேர்த்து எத்தனை என்று எண்ணுவதைத்தான் ஏ.எச்.ஐ. என்கிறார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் கேட்பதற்குச் சின்ன எண்ணாகத்தான் தெரியும். 7 மணி நேரத் தூக்கத்தில் அது 210 தடவை. ஒன்றுகூட அவருக்கு நினைவிருக்காது. "நான் நல்லாத்தான் தூங்குறேன்" என்று அவர் சொல்வது பொய்யில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

## நுரையீரலில் தேடினால் கிடைக்காது

மூச்சுப் பிரச்சினை என்றதும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஓடுகிறோம். ஸ்லீப் ஆப்னியா மட்டும் உள்ளவருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு தெளிவாகக் கேட்கும். பகலில் ஆக்சிமீட்டர் 98 காட்டும். ஏனென்றால் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, காற்று அங்கே போய்ச் சேரவில்லை.

ஆஸ்துமாவும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் (டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள், புகையிலையும் விறகடுப்புப் புகையும் முக்கியக் காரணங்கள்) வேறு ரகம். அவற்றில் நுரையீரலுக்குள் இருக்கும் சிறு கிளைகள் சுருங்குகின்றன அல்லது சிதைகின்றன, காற்றை வெளியே விடுவதுதான் முக்கியமான கஷ்டம், விழித்திருக்கும்போதும் மூச்சு இளைக்கும். ஸ்லீப் ஆப்னியாவில் அடைப்பு மேலே, தொண்டையில். கஷ்டம் காற்றை உள்ளே இழுப்பதில். விழித்ததும் காணாமல் போய்விடும். ஒருவருக்கே இரண்டும் இருந்தால்தான் நிலைமை மோசம். சி.ஓ.பி.டி. உள்ளவர் குறைந்த ஆக்சிஜனோடுதான் இரவைத் தொடங்குகிறார், அதற்கு மேல் ஒவ்வோர் அடைப்பும் அவரை இன்னும் ஆழமாகக் கீழே தள்ளும்.

## ரத்தமும் அந்த விரல் கருவியும்

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம்மில் பலர் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் ஏதோ ஒரு டிராயரில் கிடக்கும். அது காட்டும் எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். ரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது, ஆக்சிஜனைச் சுமப்பது அதுதான். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, ஏறாதது கருஞ்சிவப்பு. கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி கண்டுபிடித்த முறை இது.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று, அது காட்டுவது சதவீதம். ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரத்தசோகை உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் பாதிதான் இருந்தாலும், அந்தப் பாதி முழுக்க ஆக்சிஜன் ஏறியிருந்தால் கருவி 98 என்றே காட்டும். ஆகவே "ஆக்சிஜன் 98 இருக்கு, ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அசதி என்று வருகிறவருக்கு ரத்தசோகையும் இருக்கலாம், ஆப்னியாவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். விரல் கருவியைப் பகலில் ஒரு தடவை மாட்டிப் பார்ப்பது எதையும் பிரித்துச் சொல்லாது.

இரண்டாவது, ஆக்சிஜன் அளவு ஒரே சீராக இறங்குவதில்லை. 97லிருந்து 90 வரை மெதுவாக இறங்கும். 90க்குக் கீழே போனால் சரிவு செங்குத்து, அதற்கு அப்புறம் ஒவ்வொரு விநாடியும் பெரிய இழப்பு. அடைப்பு உள்ளவரின் இரவுப் பதிவைப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி இருக்கும். இப்படி இறங்கி உடனே திரும்ப ஏறுவது ரத்தக்குழாய்களின் உள் சவ்வுக்கு நல்லதில்லை, அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. இன்சுலின் வேலை செய்யும் திறனையும் குறைக்கிறது, அதனால்தான் சர்க்கரை நோயும் ஆப்னியாவும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. இரவு முழுவதும் நீண்ட நேரம் ஆக்சிஜன் குறைவாகவே இருப்பவர்களிடம், அதாவது நுரையீரல் நோயோ மிக அதிக உடல் பருமனோ கூடவே உள்ளவர்களிடம், சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கச் சொல்லும். ரத்தம் தடித்துப்போகும்.

## இதயம் ராத்திரியிலும் ஓடுகிறது

ஆரோக்கியமானவருக்குத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறையும். இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் கிடைக்கிற ஓய்வு நேரம் அது. ஆப்னியா உள்ளவருக்கு ஒவ்வொரு சின்ன விழிப்பிலும் அட்ரினலின் பாய்கிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஒரு குதி குதிக்கிறது. 210 விழிப்பு என்றால் 210 குதி. கொஞ்ச நாளில் இந்த இறுக்கம் பகலுக்கும் பரவிவிடுகிறது. மூன்று வகை பி.பி. மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் கட்டுக்குள் வராத ஒருவரைப் பார்த்தால், உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்பதோடு, குறட்டை உண்டா என்றும் டாக்டர்கள் கேட்பது இதனால்தான்.

இன்னொரு விளைவு, பெரும்பாலானவர்கள் யோசித்தே பார்த்திராதது: ராத்திரி சிறுநீருக்காக இரண்டு மூன்று தடவை எழுவது. வழி அடைத்திருக்கும்போது மார்பு பலமாக உறிஞ்சுகிறது அல்லவா, அந்த உறிஞ்சல் இதயத்தையும் வெளிப்பக்கமாக இழுக்கிறது. இதயத்தின் மேலறைகளுக்குச் சுவர் மெல்லியது, அவை விரிகின்றன. மேலறை விரிந்தால், உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாக எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் சொன்னதைச் செய்கிறது. சுகரும் ப்ராஸ்டேட்டும் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான், ஆனால் இரண்டும் சரியாக இருந்தும் ராத்திரி நடை ஓயவில்லை என்றால் தொண்டையைச் சந்தேகிக்கலாம்.

மேலறைகள் இப்படித் திரும்பத் திரும்ப இழுபட்டால் அவற்றின் துடிப்பு ஒழுங்கு குலையவும் வாய்ப்பு கூடுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதுதான்: மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது, அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

போகிற போக்கில் ஒன்று: எல்லா ஆப்னியாவும் தொண்டை அடைப்பு இல்லை. சென்ட்ரல் ஆப்னியா என்று ஒரு வகை உண்டு, அதில் வழி திறந்தே இருக்கும், மூளைதான் மூச்சு வாங்கச் சொல்லி உத்தரவு தராமல் சில நேரம் நின்றுவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமும், மார்ஃபின் வகை மருந்து எடுப்பவர்களிடமும் பார்க்கலாம். அதன் வைத்தியமே வேறு, இங்கே விட்டுவிடுவோம்.

## தூக்கம் இருந்தும் தூக்கம் இல்லை

எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் அடித்துப் போட்டது போல் இருக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, தலை கனக்கிறது, பத்து மணிக்கெல்லாம் ஆபீஸ் மீட்டிங்கில் கண் சொக்குகிறது. ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்க இறங்க யாரோ சட்டையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே இருந்தால் வேறு எப்படி இருக்கும்? பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்குவதை நாம் வேடிக்கையாகப் பார்க்கிறோம். அதே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் விடியற்காலை மூன்று மணிக்குப் போகிறார் என்றால் வேடிக்கை இல்லை.

பெண்களுக்கு இது பெரும்பாலும் வேறு முகம் காட்டும். சத்தமான குறட்டை இல்லாமலே தூக்கம் வராமை, காலைத் தலைவலி, எதிலும் பிடிப்பில்லாத அசதி. "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். குழந்தைகளோ தூங்கி வழிய மாட்டார்கள், மாறாகத் துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள், படிப்பில் கவனம் இருக்காது. வாயைத் திறந்துகொண்டு தூங்கும், தினமும் குறட்டை விடும், பழக்கம் நின்றுபோன பிறகு திரும்பப் படுக்கையை நனைக்கும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தாலே பல குழந்தைகளுக்குச் சரியாகிவிடுகிறது.

ஆக, ஒரே அடைப்பு. நுரையீரலுக்குக் காற்று போகவில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது, இதயம் ஓய்வில்லாமல் குதிக்கிறது, தூக்கம் துண்டாகிறது. நாலு டாக்டரிடம் நாலு புகாராகப் போவது இதுதான்.

## எப்படித் தெரிந்துகொள்வது

முதல் சாட்சி பக்கத்தில் படுப்பவர். குறட்டை, மௌனம், "ஹக்" என்ற பெருமூச்சு என்ற வரிசையை அவர் பார்த்திருந்தால் அது பலமான தடயம். போனில் இரண்டு மூன்று நிமிடம், முகத்தோடு மார்பும் வயிறும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் டாக்டரிடம் விளக்கி மாளாமல் திணற வேண்டியதில்லை. குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, பி.பி., எடை, 50 வயதுக்கு மேல், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அது சந்தேகத்தை அளப்பதற்கு மட்டும். உறுதி செய்ய ஸ்லீப் ஸ்டடி வேண்டும்.

ஸ்லீப் ஸ்டடியில் ஊசியோ வலியோ கிடையாது. மூக்கின் கீழே காற்றை அளக்கும் ஒரு சின்னக் குழாய், மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, விரலில் ஆக்சிமீட்டர். ஆஸ்பத்திரியில் செய்தால் மூளை அலைகளுக்காகத் தலையிலும் சில ஒயர்கள். காற்று நின்றிருக்கும்போது பட்டைகள் அசைந்துகொண்டிருந்தால் தொண்டை அடைப்பு, பட்டைகளும் நின்றிருந்தால் சென்ட்ரல். அவ்வளவு எளிமையான தர்க்கம். "ஒயரையெல்லாம் மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்" என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கினாலும் முடிவு எடுக்கப் போதுமான பதிவு பெரும்பாலும் கிடைத்துவிடும். வீட்டிலேயே செய்யும் சிறிய கருவியும் உண்டு.

## சிபாப் கருவி ஆக்சிஜன் கொடுப்பதில்லை

சிபாப் என்பது இந்த அடைப்புக்கு வைத்தியமாக, தூங்கும்போது முகத்தில் மாஸ்க் மாட்டிப் பயன்படுத்தும் கருவி. இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மாஸ்க்கைப் பார்த்ததும் "ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போயிடுச்சா" என்று வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடுகிறது. சிபாப் கருவிக்குள் சிலிண்டர் எதுவும் கிடையாது. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றையே லேசான அழுத்தத்தோடு மூக்கு வழியாக உள்ளே ஊதிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரா சப்பையாகாமல் இருக்க உள்ளிருந்து ஊதிப் பிடிப்பது போல, அந்த அழுத்தம் தொண்டையின் சுவர்களை விலக்கிப் பிடிக்கிறது.

1981க்கு முன்பு தீவிர ஆப்னியாவுக்கு இருந்த நிச்சயமான வைத்தியம், கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழலுக்கு நேரடியாக வழி செய்வதுதான். மெத்தென்ற பகுதியை மொத்தமாகத் தவிர்த்துவிடும் முரட்டு வழி. அந்த ஆண்டு சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன், காற்றூதும் மோட்டாரை மூக்கு மாஸ்க்கோடு இணைத்து, ஐந்து நோயாளிகளிடம் அடைப்பு நின்றுபோனதைக் காட்டினார். இன்றைய கருவிகள் புத்தகம் அளவுக்குச் சின்னதாக, சத்தமில்லாமல் வந்துவிட்டாலும் தத்துவம் அதேதான்.

வேலை செய்யுமா? மாட்டிக்கொண்டால் அடைப்பு அன்றைக்கே நிற்கும், சிலருக்கு ஒரு வாரத்திலேயே பகல் தூக்கம் போய்விடும். மாட்டிக்கொள்வதுதான் பாடு. மூக்கு உலர்கிறது, மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது, பாதி ராத்திரியில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அளவு மாற்றி வேறு மாஸ்க் போட்டாலோ, ஈரப்பதம் சேர்க்கும் வசதியை இயக்கினாலோ பாதிப் புகார் தீரும். ஆனால் கருவியை விற்றவர் அதைச் சொல்லித்தர மெனக்கெடுவதில்லை என்பது என் அபிப்பிராயம். இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த சுமார் 2,700 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சிபாப் பகல் தூக்கத்தையும் மனநிலையையும் மேம்படுத்தியது, ஆனால் மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ வருவதைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே "மாரடைப்பே வராது" என்று யாராவது கருவி விற்றால் நம்பாதீர்கள், "இதெல்லாம் வீண்" என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

மற்ற வழிகள்? எடை. பத்து சதவீதம் குறைத்தாலே அடைப்பு எண்ணிக்கை சுமார் கால்வாசி குறைவதாகப் பழைய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் அடைப்பு வருகிறவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பாதி மருந்து. லேசான, நடுத்தர நிலையில் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் கவசம் உதவும். டிஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஊதுகுழலைத் தினமும் பயிற்சி செய்தால் தொண்டைத் தசை பலப்பட்டு ஆப்னியா குறைகிறது என்று 2006இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. சிரிக்கவும் வைத்து சிந்திக்கவும் வைப்பதற்காகத் தரும் இக் நோபல் பரிசு 2017இல் அதற்குக் கிடைத்தது. நம்மூர் நாதஸ்வர வித்வான்களை யாராவது சோதித்துப் பார்த்தால் தேவலை. ஆன்லைனில் விற்கும் மூக்கு வளையம், கிளிப் இவையெல்லாம் காசுக்குக் கேடு. வாயை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு தூங்குகிற இப்போதைய மோஸ்தரை, ஆப்னியா இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

## யாரிடம் போவது

நுரையீரல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர், இருவரில் யாரிடமும் தொடங்கலாம். பி.பி.க்கோ சுகருக்கோ ஏற்கெனவே பார்க்கிற டாக்டரிடம் குறட்டையைப் பற்றிச் சொன்னால் அவரே அனுப்பிவைப்பார். இன்னொரு இடத்தில் மறக்காமல் சொல்ல வேண்டும்: பித்தப்பையோ குடலிறக்கமோ, எந்த ஆபரேஷனாக இருந்தாலும், முந்தின நாள் மயக்க மருந்து கொடுப்பவர் வந்து கேள்வி கேட்பார் அல்லவா, அவரிடம். மயக்க மருந்தும் அதற்குப் பின் கொடுக்கும் வலி மருந்தும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும் என்பதால், குறட்டை விடுபவர் என்று முன்கூட்டியே தெரிந்தால் மருந்தின் அளவையும், ஆபரேஷன் முடிந்த பிறகு வார்டில் எத்தனை மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்பதையும் அவர் மாற்றிக்கொள்வார். வீட்டில் சிபாப் இருந்தால் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.